நிறம் மாறியது, நுரைத்தது, சூடானது: வேதியியல் மாற்றமா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வழி

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: இது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? நிறம் மாறும், வாயு வெளிவரும், வீழ்படிவு உண்டாகும், சூடு ஏறும் அல்லது இறங்கும், புது வாடை அடிக்கும் என்று அறிகுறிகளைப் பிள்ளைகள் கடகடவென்று சொல்கிறார்கள். ஆனால் மார்கழிக் குளிரில் வெள்ளையாக உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயைக் காட்டினால், "நிறம் மாறிடுச்சுங்க, வேதியியல் மாற்றம்" என்கிறார்கள். பட்டியலை ஒழுங்காகப் படித்ததால் வந்த தவறு இது. ஒரே அறிகுறி இரண்டு வகை மாற்றத்திலும் வரும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் இங்கே அறிகுறி வாரியாகப் போகலாம். எந்த அறிகுறி எங்கே ஏமாற்றும், ஏமாறாமல் இருக்க அடுத்து என்ன செய்து பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். கேள்வி எப்போதும் ஒன்றுதான். முன்பு இல்லாத பொருள் ஒன்று இப்போது இருக்கிறதா? இருந்தால் வேதியியல் மாற்றம். பழைய பொருளே உருவமோ நிலையோ மாறி நின்றால் இயற்பியல் மாற்றம்.

கைக்கு வேண்டியவை: ஒரு எலுமிச்சம்பழம், மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவிக் காயவைத்த வெள்ளைத் தாள், ஒரு காந்தம், முடிந்தால் ஒரு தராசு. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சைச் சாறையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். சுட்ட சுண்ணாம்பையும் மயில்துத்தத்தையும் (தாமிர சல்பேட்) பெரியவர்கள்தான் கையாள வேண்டும்.

அறிகுறி: நிறம் மாறிவிட்டது

முதலில் ஒளி செய்யும் வேலையைக் கழித்துவிடுங்கள். நனைந்த துணி கருத்துத் தெரியும், காய்ந்தால் பழைய நிறம் வரும். பாறை போல் இருக்கும் கற்கண்டை இடித்தால் வெள்ளைத் தூளாகும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து வெளுக்கும், பாட்டிலை வெயிலில் வைத்தால் தெளிந்துவிடும். இவை எதிலும் புதுப் பொருள் கிடையாது.

சாயத்தையும் தண்ணீரையும் அடுத்துப் பாருங்கள். அடர்த்தி குறைந்தால் நிறம் வெளுக்கும். அதுவும் இயற்பியல் மாற்றம்தான்.

இப்போது உண்மையான நிற மாற்றத்துக்கு வருவோம். ஈரோட்டுப் பக்கம் இதற்கு மஞ்சளை விட நல்ல வாத்தியார் கிடையாது. வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்திய இடத்தில் சோப்புப் போட்டால் மஞ்சள் கறை செக்கச்செவேலென்று மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பின் காரம் பட்டதும் தன் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனை இழந்து வேறு வடிவம் எடுக்கிறது. சுண்ணாம்பு சேர்த்து மஞ்சளைச் சிவப்பாக்கிக் குங்குமம் செய்வதும் இதே வேலைதான். அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சளாகும். "திரும்பிடுச்சே, அப்ப இயற்பியல் மாற்றம்தானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. சோப்பின் காரத்தை அமிலம் முறித்திருக்கிறது, போனதும் வந்ததும் இரண்டும் வேதியியல் மாற்றமே.

அதே சட்டையை நன்றாகத் துவைத்து, மங்கலாகத் தங்கிய கறையோடு வெயிலில் காயப் போடுங்கள். கறை போய்விடும். இந்த முறை சோப்புப் போட்டாலும் சிவக்காது, எலுமிச்சை விட்டாலும் மஞ்சள் வராது. வெயில் குர்குமினையே உடைத்துவிட்டது. ஒரே கறையில் எவ்வளவு பாடம் இருக்கிறது பாருங்கள்! ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம்.

மஞ்சள் கிழங்கை வேகவைத்துக் காயப்போடும்போதும் தோற்றம் அடியோடு மாறும். கொழுகொழுவென்று இருந்த கிழங்கு எலும்பு போல் இறுகிவிடும். ஐந்து பங்கு பச்சை மஞ்சள் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு பங்குதான் தேறும். எடை இவ்வளவு குறைந்ததே என்று வேதியியல் மாற்றம் என எழுதிவிடாதீர்கள். காயும்போது போனதில் பெரும்பங்கு தண்ணீர், ஏற்கனவே கிழங்குக்குள் இருந்தது.

எடை குறைவதைப் பற்றி இன்னொன்று. சேலத்தில் வெள்ளைக்கல் என்று சொல்கிற மாக்னசைட்டைச் சூளையில் சுட்டாலும் எடை பாதிக்கு மேல் போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 48 கிலோ அளவுக்குத்தான் மிஞ்சும். அங்கே போவது கார்பன் டை ஆக்சைடு. அது கல்லுக்குள் வாயுவாக ஒளிந்திருக்கவில்லை, மக்னீசியம் கார்பனேட் உடைந்ததால் உண்டானது. மிஞ்சுவது மக்னீசியம் ஆக்சைடு, வேறு பொருள். பார்க்க வேண்டியது எடை எவ்வளவு குறைந்தது என்பதை அல்ல, குறைந்தது எது என்பதைத்தான்.

அறிகுறி: குமிழி, நுரை

வெந்நீர் கொதிக்கும் குமிழிக்குள் இருப்பது நீராவி. கோலி சோடாவில் வருவது முன்பே அழுத்திக் கரைத்த கார்பன் டை ஆக்சைடு, மூடி திறந்ததும் வெளியே வருகிறது. இரண்டையும் இயற்பியல் மாற்றத்தில் சேருங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைப் போட்டால் வருவதும் அதே கார்பன் டை ஆக்சைடு. ஆனால் அது சாற்றிலும் இருக்கவில்லை, ஆப்பசோடாவிலும் வாயுவாக இருக்கவில்லை.

பாடப்புத்தகத்தில் வரும் சுண்ணாம்பு நீர்ச் சோதனை இந்த இடத்தில்தான் பிள்ளைகளைத் தவறாகக் கொண்டுபோகும். வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால் போல் ஆகும், சரி. கோலி சோடாவின் வாயுவை விட்டாலும் அப்படித்தான் ஆகும். அந்தச் சோதனை வாயுவின் பெயரைச் சொல்லும், அது எப்போது பிறந்தது என்பதைச் சொல்லாது. வாயு முன்பே உள்ளே இருந்ததா என்று தனியாகக் கேட்டாக வேண்டும்.

இட்லி மாவு பொங்குவதும், இறக்கிய பதநீர் நேரம் ஆக ஆக நுரைத்துப் புளிப்பதும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று வாயு விடுவதால். சந்தேகமே வேண்டாம், வேதியியல் மாற்றம். பானைக்குள் சுண்ணாம்பு தடவுவது அந்த நொதித்தலைத் தடுக்கத்தான்.

அறிகுறி: வெள்ளையாகப் படிந்திருக்கிறது

நம் பக்கத்தில் போர் தண்ணீர் பிடிக்கிற வீடு எல்லாவற்றிலும் இந்த அறிகுறி இருக்கும். வாளி விளிம்பில் வெள்ளைக் கறை, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொறுக்கு, ஹீட்டர் கம்பியில் கல் போன்ற பூச்சு. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் இது குறைவு, ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களில் தாராளம்.

இதில் இரண்டு வகை கலந்திருக்கும். ஒன்று, தண்ணீர் வற்றியதால் மிஞ்சிய உப்பு. அதில் ஒரு துளி நல்ல தண்ணீர் விட்டால் கரையும். முன்பு கரைந்திருந்ததே இப்போது காய்ந்து நிற்கிறது, இயற்பியல் மாற்றம். மற்றொன்று தண்ணீருக்குக் கரையாது. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் பொரபொரவென்று நுரைக்கும். அது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் இருந்ததோ கால்சியம் பைகார்பனேட், கரைந்திருக்கும் பொருள். சூடு ஏறியதும் அது உடைந்து கார்பனேட்டாகப் படிகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் உண்டாகின்றன. புதுப் பொருள் வந்துவிட்டது, வேதியியல் மாற்றம். தண்ணீர் வற்றாமல் இருக்கும்போதே கெட்டிலின் அடியில் பூச்சு பிடிப்பது இதனால்தான். இந்தச் சோதனையை வீட்டுப் பாடமாகவே கொடுக்கலாம்.

இதே அறிகுறியைத் தோட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால், பயிரில் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை தயாரிக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைப்பார்கள், 1 கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கினால், கண்ணாடி போல் இருந்த நீலம் கலங்கிய ஆகாய நீலமாகும். விட்டுவைத்தால் நீலப் படிவு அடியில் இறங்கும். அதில் தாமிர ஹைட்ராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் இருக்கின்றன. இரண்டுமே வாளியில் முன்பு இல்லாதவை.

படிவைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று விவசாயி விட்டுவிடமாட்டார், அதுதான் எனக்குப் பிடித்த இடம். துடைத்த இரும்புக் கத்தியைக் கலவையில் சற்று நேரம் முக்கி எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் ஏறியிருந்தால், மாறாத மயில்துத்தம் இன்னும் மிச்சம் இருக்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி சோதிப்பார். கத்தியில் செம்பு ஏறுவதும் ஒரு வேதியியல் மாற்றம்: இரும்பு கரைந்து அதன் இடத்தில் தாமிரம் படிகிறது. ஒரு மாற்றம் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள இன்னொரு மாற்றத்தைப் பயன்படுத்துகிறார். அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்துகொண்டுபோகும் பிள்ளைகள் இதைச் செய்துகாட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். பிளாஸ்டிக் வாளியும் கையுறையும், துத்தத்தையும் சுண்ணாம்பையும் கையாள ஒரு பெரியவரும் இருந்தால் போதும்.

அறிகுறி: சூடாகிறது, சில்லென்று ஆகிறது

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து ஆவி கிளம்பும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. தண்ணீர் ஆவியாகி வற்றும் வரை காத்திருந்தாலும் பழைய கல் கிடைக்காது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கிட்டப் போக வேண்டாம்.

தெளிப்பதற்காக யூரியா கரைக்கும் வாளியைத் தொட்டுப் பாருங்கள், பனிக்கட்டி போட்டது மாதிரி குளிர்ந்திருக்கும். வெப்பம் மாறியிருக்கிறது, ஆனால் கரைசலைத் தட்டில் ஊற்றி உலரவிட்டால் யூரியாவே திரும்பப் படிகமாகக் கிடைக்கும். வெப்ப மாற்றம் மட்டும் சாட்சி சொல்லாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அறிகுறி: காணாமல் போய்விட்டது

மருதமலைக்கு வாங்கிவந்த கற்பூரத்தில் ஒரு கட்டியைத் திறந்து வையுங்கள், இன்னொன்றை ஏற்றுங்கள். இரண்டும் மிச்சமில்லாமல் போகும். திறந்து வைத்தது நேராக ஆவியாகியிருக்கிறது. மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்தால் நாளடைவில் உட்சுவரில் சின்னச் சின்னப் படிகங்களாக அதே கற்பூரம் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஏற்றிய கட்டியின் சுடருக்கு மேல் எவர்சில்வர் கரண்டியைப் பிடித்தால் கரி படியும். கற்பூரத்தில் கரித்தூள் இருந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் போகின்றன.

அறிகுறி: பழைய நிலைக்குத் திரும்பவில்லை

மிக அதிகமான மதிப்பெண்கள் இங்கேதான் போகின்றன. "திரும்பாது என்றால் வேதியியல், திரும்பும் என்றால் இயற்பியல்" என்று குறுக்குவழி சொல்லிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் வெட்டுத் துணியை யாரும் திரும்ப ஒரே துணியாக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு துண்டும் பருத்திதான். துண்டை எரித்தாலும் முழுத் துணியை எரித்தாலும் காகிதம் கருகுவது போன்ற ஒரே வாடைதான். இடித்த கடலை, அரைத்த மாவு, துருவிய தேங்காய் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மறுபக்கம் இன்வெர்ட்டர் பேட்டரி. மின்சாரம் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் ஈயமும் ஈய டை ஆக்சைடும் ஈய சல்பேட்டாகின்றன. சார்ஜ் போட்டால் பழையபடி ஈயமும் ஈய டை ஆக்சைடும் ஆகின்றன. தினமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது, இருந்தும் முழுக்க வேதியியல் மாற்றம்.

முட்டை வேகுவது எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. புரதங்கள் விரிந்து, ஒன்றோடொன்று புதுப் பிணைப்புகளும் போட்டுக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் அதை வேதியியல் மாற்றம் என்றே எழுதுங்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. "நாமக்கல் முட்டையை வேகவைச்சா மறுபடி பச்சை முட்டை ஆகாதுங்க" என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

அறிகுறி: உருகிவிட்டது

உருகுவது இயற்பியல் மாற்றம். கோவை பவுண்டரிகளில் வார்ப்பிரும்பு 1,150 டிகிரிக்கு மேல் உருகி அச்சில் ஊற்றப்படுவதும் அப்படியே. ஆனால் உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடு வேதியியல் மாற்றத்தில் பிறந்தது. பட்டறையில் உதிர்ந்த இரும்புத் தூளையும் துருவையும் பிரிக்கக் காந்தம் உதவும்: தூள் துள்ளி ஒட்டும், செந்துரு அப்படி ஒட்டாது. பழுக்கக் காய்ச்சி அடிக்கும் இரும்பிலிருந்து உதிரும் கறுப்புச் செதில் மட்டும் ஆக்சைடாக இருந்தும் காந்தத்தில் ஒட்டும், ஏமாந்துவிட வேண்டாம்.

அறிகுறி: வாடை மாறிவிட்டது

பூ மணப்பதும் பெட்ரோல் வாடை அடிப்பதும் ஆவியாவதால். பழைய எண்ணெயில் வரும் சிக்கு வாடை வேறு கதை, அது புதிய எண்ணெயில் எந்தச் சூட்டிலும் இருந்ததில்லை. காற்றும் ஈரமும் கொழுப்பை உடைத்துப் புதுப் பொருள்களை உண்டாக்கிவிட்டன.

அறிகுறி: எல்லாம் ஒன்றாக நடக்கிறது

தேர்வுத் தாளில் "வெல்லம் காய்ச்சுதல்" என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம். கவுந்தப்பாடிப் பக்கம் ஆலையில் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது ஒரே மாற்றம் இல்லை என்று தெரியும். படிப்படியாக உடைத்துப் பாருங்கள்.

கரும்பைப் பிழிவது இயற்பியல் மாற்றம். சாற்றில் சுண்ணாம்பு சேர்ப்பது அமிலத்தை முறிக்க, அது வேதியியல் மாற்றம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி ஓடுகிறது. சாற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் கொப்பரையில் அதிக நேரம் நடப்பது இந்த இயற்பியல் மாற்றமே. மேலே திரண்டுவரும் அழுக்கில் சூட்டால் கட்டிப்பட்ட புரதங்கள் இருக்கின்றன. பாகு 118 டிகிரி அளவை நெருங்கும்போது நிறம் தேன் நிறத்திலிருந்து பழுப்புக்குப் போகிறது, பச்சைச் சாற்றில் இல்லாத ஒரு மணம் எழுகிறது. சர்க்கரை கருகத் தொடங்குவதாலும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்வதாலும் வருவது அது.

சரி, இதற்குச் சோதனை? வெல்லத்தைத் தண்ணீரில் கரையுங்கள். இனிப்பு அப்படியே இருக்கும், ஏனென்றால் பெரும்பகுதி சர்க்கரை மாறாமல்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது கரும்புச் சாறாகாது. தங்கிவிட்ட நிறமும் மணமும்தான் புதுப் பொருள்கள். விடைத்தாளில் இரண்டையும் எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாயப்பட்டறையிலும் இப்படித்தான். ரியாக்டிவ் சாயத் தொட்டியில் உப்புப் போடுவது சாயத்தைத் தண்ணீரிலிருந்து பருத்தி இழைக்குத் தள்ள. அந்த நிலையில் ஒரு துண்டை எடுத்து வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினால் சாயம் போய்விடும், ஒட்டியிருந்தது அவ்வளவுதான். சோடா சாம்பல் போட்டு, பல சாயங்களுக்கு 60 டிகிரி அளவில், நேரம் கொடுத்த பிறகு அலசினால் நிறம் நிற்கும். சாயம் பருத்தியோடு பிணைப்புப் போட்டுவிட்டது. கழிவு நீரில் போன உப்பை ஆவியாக்கித் திரும்ப எடுப்பது மறுபடியும் இயற்பியல் மாற்றம்.

பாலுக்கும் இதே முறைதான்: தயிராவது வேதியியல், கடைந்து வெண்ணெய் எடுப்பது இயற்பியல், ஊத்துக்குளி வெண்ணெயை உருக்குவதும் இயற்பியல், நெய்யின் அடியில் பழுப்பாகக் கசடு தங்குவது வேதியியல்.

அறிகுறி எதுவுமே தெரியவில்லை

பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு காய்ந்ததும் சுவர் வெளுத்துவிடும். அந்த வெளுப்பு தண்ணீர் போனதால். அதன் பிறகு கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது, நுரையில்லை, சூடில்லை, வாடையில்லை. ஆனால் சுவரில் உள்ள நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்து மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. கையால் தேய்த்தால் உதிர்ந்த சுண்ணாம்பு அதனால்தான் நாள் ஆக ஆக இறுகுகிறது. புதிதாக அடித்த சுவரில் ஈரமான மஞ்சள் தாளை அழுத்தினால் சட்டென்று சிவக்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் அழுத்திப் பாருங்கள், அந்த அளவுக்குச் சிவக்காது.